மருந்துக்கடையில் பிறந்த வாசனை: புளோரிடா வாட்டரின் கதை

வாசனைத் திரவியம் என்று பேச்செடுத்தால் எல்லாரும் நேராகப் பாரிஸுக்குப் போய்விடுகிறார்கள். அமெரிக்காவுக்கு அந்தக் கதையில் யாரும் பெரிய இடம் தருவதில்லை, தந்தாலும் 20ஆம் நூற்றாண்டின் பெரிய அழகுசாதனக் கம்பெனிகளிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். ஆனால் அதற்கு நூறு வருஷம் முன்பே நியூயார்க்கில் ஒரு மருந்து வியாபாரியின் கடையில் உருவான ஒரு வாசனைத் தண்ணீர், இன்றைக்கும் லிமா சந்தையிலும் ஹவானா வீடுகளிலும் நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெம் கடைகளிலும் விற்றுக்கொண்டிருக்கிறது. அதன் பெயர் புளோரிடா வாட்டர். தயாரிக்கும் கம்பெனி லான்மன் அண்ட் கெம்ப். இத்தனை காலம் தாக்குப்பிடித்த அமெரிக்க வாசனைப் பொருள்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, அப்படியிருந்தும் வாசனைத் திரவிய வரலாறு எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் கடந்துபோகிறார்கள்.

எனக்குத் தோன்றும் காரணம் இதுதான்: இது மருந்துக்கடையில் பிறந்தது. பிரெஞ்சு வாசனைத் தொழில் வளர்ந்தது அரண்மனையையும் பிரபுக்களையும் நம்பி. அமெரிக்காவில் அரண்மனை ஏது? அங்கே எண்ணெய், சாராயம், மூலிகை, வடிகட்டும் சாமான் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தது மருந்து வியாபாரியிடம்தான். தலைவலிக்குத் தைலம் கலக்கும் அதே கையால் அவர் வாசனைத் தண்ணீரும் கலந்தார், அதே பாட்டிலில் அடைத்தார், அதே அலமாரியில் வைத்தார். வாங்கிப் போனவர்களும் அதை மருந்தாகப் பாதி, வாசனையாகப் பாதி என்றுதான் பயன்படுத்தினார்கள். அப்புறம் நடந்ததெல்லாம், விலை, விளம்பரம், வரி, கடைசியில் சடங்குகளுக்குள் அது நுழைந்தது வரை, இந்தப் பிறப்பிலிருந்துதான் வருகிறது.

கம்பெனி தன் பிறந்த வருஷமாகச் சொல்லிக்கொள்வது 1808. ராபர்ட் மர்ரே என்பவர் நியூயார்க்கில் மருந்து, வாசனைப் பொருள் வியாபாரம் தொடங்கிய ஆண்டு அது. அந்த வருஷத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1807 டிசம்பரில் ஜனாதிபதி ஜெஃபர்சன் கையெழுத்திட்ட கப்பல் தடைச் சட்டத்தால் அமெரிக்கக் கப்பல்கள் வெளிநாட்டுக்குப் போக முடியாமல் துறைமுகத்திலேயே கட்டிக்கிடந்த காலம், 1809 மார்ச் வரை அது நீடித்தது. ஐரோப்பாவிலிருந்து வரும் சரக்கும் வெகுவாகக் குறைந்துபோனது. அதனால்தான் மர்ரே கடை திறந்தார் என்று சொல்ல வரவில்லை. ஆனால் கொலோன் என்ற ஐரோப்பிய வாசனைத் தண்ணீரின் இறக்குமதியை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க முடியாத ஒரு ஊரில்தான் அவர் வியாபாரத்தைத் தொடங்கினார்.

அந்தக் காலத்து அமெரிக்க வாசனைக்காரர்களை வரிசையாகப் பார்த்தால் எல்லாருக்கும் பக்கத்திலேயே வேறொரு தொழில் இருக்கிறது. ரோட் ஐலண்டின் நியூபோர்ட்டில் 1752இல் வில்லியம் ஹண்டர் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் திறந்த மருந்துக்கடைதான் தன் வேர் என்று காஸ்வெல் மாஸி கம்பெனி சொல்கிறது. வில்லியம் கோல்கேட் 1806இல் நியூயார்க்கில் ஆரம்பித்தது கஞ்சிமாவு, சோப்பு, மெழுகுவர்த்தி வியாபாரம், வாசனையெல்லாம் பின்னால் வந்தது. ஃபிலடெல்ஃபியாவில் கடை வைத்திருந்த யூஜின் ரூசெல் என்ற பிரெஞ்சுக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். வாசனைக் கடையில் சோடாத் தண்ணீரும் விற்றவர் அவர், 1838 வாக்கில் அந்தச் சோடாவில் பழச்சுவை கலந்து கொடுத்து, இன்றைய கலர் சோடாவுக்கெல்லாம் முன்னோடி என்று பெயர் வாங்கிவிட்டார். குடிக்கிற தண்ணீரில் மணம் ஏற்றுவதும் பூசுகிற தண்ணீரில் மணம் ஏற்றுவதும் அவருக்கு ஒரே கைவேலை.

சரி, புளோரிடா வாட்டருக்குள் என்னதான் இருக்கிறது? அடிப்படையில் அது ஐரோப்பிய கொலோன் தண்ணீரின் அமெரிக்க வாரிசு. ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் இத்தாலியிலிருந்து குடிவந்த ஃபரினா குடும்பம் 1709இலிருந்து விற்றுவந்த தண்ணீர், எலுமிச்சை இனத் தோல்களின் எண்ணெயை நல்ல சாராயத்தில் கரைத்தது. புளோரிடா வாட்டரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறது: பெர்கமாட், எலுமிச்சை, ஆரஞ்சு. அதோடு லாவெண்டர் தூக்கலாகச் சேர்கிறது. ஆனால் அதன் தனி அடையாளம், அடியில் நிற்கும் கிராம்பும் பட்டையும்தான். ஐரோப்பியக் கொலோனில் மூக்குக்கு எட்டாத அந்தக் காரம்தான் இதைத் தனியாக்குகிறது. கம்பெனியின் சூத்திரம் ரகசியம் என்றாலும் 19ஆம் நூற்றாண்டு மருந்து வியாபாரிகளின் குறிப்புப் புத்தகங்களில் புளோரிடா வாட்டர் தயாரிக்கும் முறைகள் விதவிதமாக அச்சாகியிருக்கின்றன, அளவு மாறினாலும் இந்தச் சரக்குகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

கையில் கொஞ்சம் ஊற்றித் தேய்த்துப் பார்த்தால் இந்தக் கலவை எப்படி வேலை செய்கிறது என்பது புரிந்துவிடும். முதலில் சாராயம் ஆவியாகிறது, ஆவியாகும்போது தோலின் சூட்டை எடுத்துக்கொண்டு போவதால் சில்லென்று இருக்கிறது. காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் துணியில் நனைத்து நெற்றியில் போட்டார்கள் என்றால் அது வெறும் நம்பிக்கை இல்லை, அந்தக் குளிர்ச்சி நிஜம். கூடவே ஆரஞ்சும் எலுமிச்சையும் எழும்பி வருகின்றன, அவற்றின் மூலக்கூறுகள் இலேசானவை, சில நிமிஷத்தில் போய்விடும். அதற்குப் பின்னால் லாவெண்டர் கொஞ்ச நேரம் நிற்கும். எல்லாம் அடங்கியபின் கிராம்பு மட்டும் தோலோடு ஒட்டிக்கொண்டிருக்கும், அதிலுள்ள யூஜெனால் என்ற வேதிப்பொருள் கனமானது, சீக்கிரம் போகாது. அதே யூஜெனால்தான் பல்வலிக்குக் கிராம்புத் தைலம் வைத்தால் மரத்துப்போகச் செய்வதும். மருந்து வியாபாரியின் சரக்கு என்று நான் சொல்வது இதைத்தான்.

பெயரைப் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டியதில்லை. புளோரிடாவிலிருந்து எந்தத் தண்ணீரும் வரவில்லை. 1808இல் புளோரிடா ஸ்பெயினின் கையில் இருந்தது, அமெரிக்காவோடு சேர்ந்தது 1821இல். 1513இல் அங்கே இறங்கிய ஸ்பானியர் போன்ஸ டே லியோன் இளமை தரும் ஊற்றைத் தேடிப் போனார் என்ற கதை ஏற்கெனவே பரவியிருந்தது, வெயில், பூ, ஊற்று மூன்றையும் ஒரே பெயரில் விற்க முடிந்தது. லேபிளிலும் ஊற்று உண்டு, சுற்றிப் பூக்களும் செடிகொடிகளும்.

1835இல் டேவிட் லான்மன் கூட்டாளியாகச் சேர்ந்ததும் கம்பெனி மர்ரே அண்ட் லான்மன் ஆனது. பாட்டிலில் இன்றும் இருப்பது அந்தப் பெயர்தான். பிறகு ஜார்ஜ் கெம்ப் உள்ளே வருகிறார், 1860களின் தொடக்கத்தில் லான்மன் அண்ட் கெம்ப் என்று பெயர் நிலைக்கிறது. கெம்ப் அயர்லாந்தில் பிறந்தவர். இந்த வியாபாரத்தில் அவர் எவ்வளவு சம்பாதித்தார் என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது: நியூயார்க் ஐந்தாம் அவென்யூவில் அவர் வீட்டின் உள்ளலங்காரத்தை 1879இல் செய்தவர் லூயிஸ் கம்ஃபர்ட் டிஃபனி, கண்ணாடிக் கலையில் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற அதே டிஃபனிதான், அந்தத் துறையில் அவருக்குக் கிடைத்த முதல் வேலைகளில் ஒன்று அது. பெட்டிக்கடையில் சில்லறைக்கு விற்ற வாசனைத் தண்ணீரின் காசு அந்த மாளிகைக்குள் போயிருக்கிறது.

அந்தக் காசு பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்தது என்பதுதான் கதையின் முக்கியமான திருப்பம். கம்பெனியின் அலுவலகம் வாட்டர் ஸ்ட்ரீட்டில், கீழ் மன்ஹாட்டனின் துறைமுகத்தை ஒட்டி இருந்தது. கியூபாவின் சர்க்கரை, பிரேசிலின் காபி, கொலம்பியாவின் தோல் என்று தெற்கிலிருந்து கப்பல்கள் வந்து இறங்கும் இடம். இறக்கிவிட்டுத் திரும்பும் கப்பலுக்குச் சரக்கு வேண்டும். மருந்து, வாசனைத் தண்ணீர், சோப்பு மாதிரியான பொருள்கள் இதற்கு அருமையாகப் பொருந்தின: சின்னப் பெட்டியில் நிறைய மதிப்பு, கெட்டுப்போகாது, வெப்ப நாடுகளில் தேவையும் உண்டு. மர்ரே காலத்தில் மொத்த மருந்து வியாபாரமாக இருந்தது, லான்மன், கெம்ப் காலத்தில் ஏற்றுமதிக் கம்பெனியாக மாறிவிட்டது. லேபிள்களையும் விளம்பரங்களையும் ஸ்பானிய மொழியில் அச்சிட்டார்கள். தன் ஊரில் பிரெஞ்சு வாசனைக்குப் பக்கத்தில் இரண்டாம் தரமாகப் பார்க்கப்பட்ட ஒரு சரக்கு, தெற்கே போனபோது நியூயார்க்கிலிருந்து வந்த நம்பகமான பொருளாக மதிக்கப்பட்டது.

எப்படி அவ்வளவு தூரம் உள்நாட்டுக் கிராமங்கள் வரை போய்ச் சேர்ந்தது? இங்கேதான் இந்தக் கம்பெனியின் மூளையைப் பாராட்ட வேண்டும். நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரத்தில் சைரீனியஸ் பிரிஸ்டல் என்பவர் சார்சபரில்லா என்ற வேரை வைத்து ஒரு டானிக் விற்றுக்கொண்டிருந்தார், இரத்தத்தைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி. அந்த டானிக்குக்கு விளம்பரமாக ஒரு பஞ்சாங்கமும் அச்சிட்டார், அதன் தொடக்கம் 1832 என்று அட்டையிலேயே போட்டுக்கொள்கிறார்கள். பிரிஸ்டலின் வியாபாரம் லான்மன் அண்ட் கெம்ப் கைக்கு வந்தபோது பஞ்சாங்கமும் சேர்ந்தே வந்தது. அதை அவர்கள் ஸ்பானிய மொழியில் லத்தீன் அமெரிக்கா முழுக்க அனுப்பினார்கள்.

ஆரஞ்சு நிற அட்டை, அதில் தாடிவைத்த பிரிஸ்டலின் படம். உள்ளே பௌர்ணமி, அமாவாசை, கிரகணம், ஒவ்வொரு நாளுக்கும் உரிய புனிதரின் பெயர், மீன் பிடிக்க நல்ல நாள், விதைக்க நல்ல நாள், ராசிபலன், இடையிடையே சிரிப்புக் கதை, பாட்டு. நம் வீடுகளில் ஆணியில் தொங்கும் பாம்புப் பஞ்சாங்கத்துக்கு இங்கே என்ன மரியாதையோ அதே மரியாதைதான் கொலம்பியக் கிராமத்தில் இதற்கு. குழந்தைக்குப் பெயர் வைக்க வேண்டுமா, பிறந்த நாளுக்குரிய புனிதர் யார் என்று இதில் பார்ப்பார்கள். பக்கத்துக்குப் பக்கம் புளோரிடா வாட்டர், சோப்பு, டானிக் விளம்பரங்கள். செய்தித்தாள் ஒரு நாளில் குப்பைக்குப் போய்விடும், பஞ்சாங்கம் வருஷம் முழுக்க வீட்டில் இருக்கும், தினமும் யாராவது ஒருவர் புரட்டுவார். விளம்பரத்துக்கு இதைவிட நல்ல இடம் இருக்கிறதா என்ன! பிரிஸ்டலின் டானிக்கை இன்று யாருக்கும் நினைவில்லை, பஞ்சாங்கம் மட்டும் கொலம்பியாவிலும் மத்திய அமெரிக்க நாடுகளிலும் வருஷாவருஷம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

வடக்கே, சொந்த நாட்டில், வேறு விதமான சோதனை. வாசனைத் தண்ணீரின் பெரும்பகுதி சாராயம் என்பதால் சாராயத்தின் விலைதான் தொழிலின் விலை. 1817இலிருந்து 1862 வரை அமெரிக்காவில் சாராயத்துக்கு மத்திய அரசு வரியே கிடையாது. மக்காச்சோளம் ஏராளம், வடிசாலைகள் ஏராளம், மணமில்லாமல் சுத்தமாக வடித்த சாராயத்துக்குத் தொழிலில் 'கொலோன் ஸ்பிரிட்' என்றே பெயர். இந்த மலிவுதான் அமெரிக்க வாசனைத் தண்ணீரைச் சாதாரண மக்கள் கைக்கு எட்டும் பொருளாக ஆக்கியது என்று நான் நினைக்கிறேன், இதை யாரும் போதுமான அளவு அழுத்திச் சொல்வதில்லை.

உள்நாட்டுப் போர் வந்ததும் அது முடிந்தது. 1862இல் கேலனுக்கு 20 சென்ட் வரி போட்டார்கள். 1864 மார்ச்சில் 60 சென்ட், அதே ஜூலையில் ஒன்றரை டாலர், 1865 ஜனவரியில் 2 டாலர். இரண்டரை வருஷத்தில் பத்து மடங்கு. விளக்கெரிக்கச் சாராயம் கலந்த எரிதிரவம் விற்றவர்கள் இந்த வரியில் அப்படியே காணாமல் போனார்கள், மண்ணெண்ணெய் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. 1868இல்தான் வரி 50 சென்ட்டுக்கு இறங்கியது.

அதோடு விடவில்லை. அதே 1862 சட்டம் காப்புரிமை மருந்துகள், சீட்டுக்கட்டு, வாசனைப் பொருள், அழகுசாதனம் எல்லாவற்றின் மேலும் வரி ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும் என்றது. 25 சென்ட் வரை விலையுள்ள பாட்டிலுக்கு 1 சென்ட் ஸ்டாம்ப், 50 வரை 2, 75 வரை 3, ஒரு டாலர் வரை 4. கடைக்காரர் பாட்டிலைத் திறந்தால் ஸ்டாம்ப் கிழிய வேண்டும். இதில் ஒரு சலுகை இருந்தது: கம்பெனி தன் செலவில் தனி அச்சு செதுக்கிக்கொண்டு தன் பெயரிலேயே ஸ்டாம்ப் அடித்து வாங்கினால் அரசாங்கம் கொஞ்சம் கழிவு தரும். லான்மன் அண்ட் கெம்ப் அப்படித் தனக்கென்று ஸ்டாம்ப் அடித்துக்கொண்டது. ஃபிலடெல்ஃபியாவின் பேசின், மசாசூசெட்ஸ் லோவெல் நகரத்தின் ஹாய்ட் என்று வேறு சில வாசனைக்காரர்களும் செய்தார்கள். மருந்துக் கம்பெனிகளோடு ஒப்பிட்டால் இப்படித் தனி ஸ்டாம்ப் வைத்திருந்த வாசனைக் கம்பெனிகள் கொஞ்சம்தான், ஸ்டாம்ப் சேகரிப்பவர்கள் இன்றும் தேடித்தேடி வாங்கும் சரக்கு அது. யோசித்துப் பாருங்கள், வரி கட்டியதற்கான சீட்டு, அதிலேயே கம்பெனியின் பெயர், அரசாங்கமே அச்சடித்துத் தந்த மாதிரி ஒரு தோற்றம். வரியையே விளம்பரமாக்கிவிட்டார்கள். போலி பாட்டில் அடிப்பவனுக்கு அந்த ஸ்டாம்பையும் சேர்த்து அடிப்பது லேசில்லை. 1883இல் இந்த ஸ்டாம்ப் வரி நீக்கப்பட்டது.

போலிகளைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்ல வேண்டும். 'புளோரிடா வாட்டர்' என்ற பெயர் இவர்களுக்கு மட்டும் சொந்தமாக இருந்ததில்லை. கோல்கேட்டும் புளோரிடா வாட்டர் விற்றது, நியூயார்க்கின் சோலன் பாமரும் விற்றார், ஊர் ஊருக்கு மருந்துக்கடைக்காரர்கள் தாங்களே கலந்து விற்றார்கள். கொலோன் என்பது எப்படி ஒரு வகைக்குப் பெயராகப் போய்விட்டதோ இதுவும் அப்படியே ஆனது. அதனால்தான் விளம்பரங்களில் 'மர்ரே அண்ட் லான்மன்' என்ற பெயரை அவ்வளவு அழுத்திப் போட்டார்கள். 1880களில் வண்ணக் கல்லச்சில் அடித்த விளம்பர அட்டைகளில் மாடத்தில் சாய்ந்த பெண்களும் பூச்சரங்களும் இருக்கும், கீழே கைக்குட்டைக்கு, அலங்காரத்துக்கு, குளியலுக்கு என்ற மூன்று உபயோகமும். ஒரே பாட்டில் மூன்று வேலைக்கு. விலையுயர்ந்த பிரெஞ்சு செண்ட்டைக் குளிக்கும் தண்ணீரில் ஊற்றினால் விலை கட்டாது.

இதே காலத்தில் பிரான்சில் வேறொரு புரட்சி நடந்துகொண்டிருந்தது. செயற்கை மூலக்கூறுகள் வந்துவிட்டன. 1882இல் ஊபிகான் கம்பெனி கூமரின் என்ற அப்படியொரு மூலக்கூறைச் சேர்த்து ஃபூஜேர் ரோயால் என்ற வாசனையைக் கொண்டுவந்தது, 1889இல் கெர்லன் கம்பெனி ஜிக்கி என்ற வாசனையை. இயற்கையில் எந்தப் பூவிலும் இல்லாத வாசனைகளை உருவாக்க முடிந்தது. அமெரிக்காவிலும் ரிச்சர்ட் ஹட்நட் மாதிரி ஆட்கள் அப்பாவின் மருந்துக்கடையைப் பளபளப்பான அழகுசாதன நிலையமாக மாற்றிப் பிரெஞ்சு பாணியில் விற்க ஆரம்பித்தார்கள். 1886இல் நியூயார்க்கில் புத்தகம் வீடு வீடாக விற்றுக்கொண்டிருந்த டேவிட் மக்கானெல், புத்தகத்தைவிட இலவசமாகத் தரும் வாசனைச் சீசாவைப் பெண்கள் விரும்புவதைப் பார்த்து கலிஃபோர்னியா பெர்ஃப்யூம் கம்பெனி தொடங்கினார், அதுதான் பின்னால் ஏவான். அதுவும் பெரிய கதை, வேறொரு நாள் எழுதுகிறேன். நாகரிகமான அமெரிக்க வீடுகளின் ஒப்பனை மேஜையிலிருந்து புளோரிடா வாட்டர் மெல்ல நகர்ந்துவிட்டது என்பதுதான் இங்கே வேண்டியது. நாவிதர் கடைக்கும் சமையலறை அலமாரிக்கும் போனது.

பொதுவாக இந்தக் கட்டத்தில் ஒரு சரக்கு செத்துப்போகும். இது சாகவில்லை, ஏனென்றால் அதற்குள் அதை வாங்கியவர்கள் அதற்கு வேறொரு வேலை கொடுத்துவிட்டார்கள், கம்பெனி எந்த விளம்பரத்திலும் சொல்லித்தராத வேலை.

பெருவின் வடக்குக் கடற்கரையில் குறந்தேரோ என்று அழைக்கப்படும் நாட்டுவைத்தியர்கள் இரவுச் சடங்கில் தரையில் துணி விரித்து, அதன் மேல் கற்கள், வாள்கள், சிப்பிகள், சிலைகள் எல்லாம் பரப்பி வைப்பார்கள். அந்த விரிப்பில் புளோரிடா வாட்டர் பாட்டிலும் நிற்கும். வைத்தியர் ஒரு வாய் எடுத்து, விழுங்காமல், விரிப்பின் மேலும் நோயாளியின் மேலும் பூத்தூறலாக ஊதுவார். அந்தத் தூறலில் கிராம்பும் ஆரஞ்சும் சாராயமும் ஒரே நொடியில் அறை முழுக்கப் பரவிவிடும், இருட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு ஏதோ மாறிவிட்டது என்று உடம்பே சொல்லும். கியூபாவில் ஆவி வழிபாட்டுக்காரர்கள் வெள்ளைத் துணி விரித்த மேஜையில் தண்ணீர்க் குவளைகளோடு இதை வைக்கிறார்கள், கூட்டம் தொடங்கும் முன் கையில் ஊற்றித் தலையிலும் கழுத்திலும் துடைத்துக்கொள்கிறார்கள். ஹைட்டியின் வோடூ சமயத்தில் உண்டு, நியூ ஆர்லியன்ஸில் உண்டு, அமெரிக்கத் தெற்கின் கறுப்பின மக்களின் ஹூடூ மரபில் வீட்டுத் தரை துடைக்கும் தண்ணீரில் சேர்ப்பதும் உண்டு. அதே மரபில் லோவெல் நகரத்து ஹாய்ட் கொலோனுக்கும் ஒரு இடம் கிடைத்தது, சூதாடப் போகும்முன் கையில் தேய்த்துக்கொண்டால் அதிர்ஷ்டம் என்று.

ஏன் இந்தத் தண்ணீர்? மலிவு, எங்கும் கிடைக்கும் என்பது ஒரு பகுதி. ஆனால் அது மட்டும் என்றால் வேறு மலிவான செண்ட்டும் இருந்ததே. மருந்துக்கடையில் பிறந்த பொருள் என்பதால் உடம்பைக் குளிர்விக்கும், நாற்றத்தைப் போக்கும், கிருமியைக் கொல்லும் என்ற நம்பிக்கை முதலிலிருந்தே கூட வந்தது. உடம்பைச் சுத்தம் செய்வதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அழுக்கைச் சுத்தம் செய்வதற்கு ஓர் அடிதான் தூரம். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்களும் அந்நாட்டுப் பழங்குடிகளும் தங்கள் மரபில் ஏற்கெனவே வைத்திருந்த இலைக் குளியல், பூக் குளியல், நறும்புகை இவற்றின் வேலையை, கடையில் பாட்டிலில் கிடைக்கும் ஒன்றிடம் ஒப்படைத்தார்கள். இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. இருநூறு வருஷம் ஒரு பொருளைக் காப்பாற்றியவர்கள் இவர்கள்தான், வரலாறு எழுதும்போது வாங்கியவர்களை விட்டுவிட்டு விற்றவர்களை மட்டும் எழுதினால் பாதிக் கதை போய்விடும்.

20ஆம் நூற்றாண்டில் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்தும் கியூபாவிலிருந்தும் மக்கள் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தபோது சாமிப்படம், மெழுகுவர்த்தி, மூலிகை விற்கும் பொத்தானிக்கா கடைகள் அங்கே முளைத்தன. அந்த அலமாரிகளில் புளோரிடா வாட்டர் வரிசையாக ஏறியது. வாட்டர் ஸ்ட்ரீட்டிலிருந்து கப்பலேறிப் போன சரக்கு, அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டவர்களோடு சேர்ந்து அதே ஊருக்குத் திரும்பியது.

கிழக்கே இன்னொரு கிளை. 19ஆம் நூற்றாண்டிலேயே லான்மன் பாட்டில்கள் சீனத் துறைமுகங்களில் விற்பனைக்கு வந்துவிட்டன. 1898இல் ஹாங்காங்கில் தொடங்கிய குவாங் சாங் ஹாங் கம்பெனி 'இரண்டு பெண்கள்' முத்திரையோடு தன் சொந்தப் புளோரிடா வாட்டரை விற்றது, அதுவும் இன்றுவரை இருக்கிறது. சீனப் பெருநிலத்தில் அது கொசுக்கடிக்கும் வேர்க்குருவுக்கும் கோடையில் தடவும் தண்ணீராக மாறி, 1990இல் ஷாங்காயில் வந்த லியூஷென் முத்திரையில் முத்துப்பொடி, மூலிகை எல்லாம் சேர்ந்த வேறொரு பொருளாகவே ஆகிவிட்டது. அங்கேயும் பாருங்கள், கடைசியில் மருந்துப் பக்கம்தான் சாய்ந்தது.

கம்பெனிக்குச் சட்டம் தொந்தரவு தராமல் இல்லை. 1906இன் உணவு, மருந்துச் சட்டம் இரத்தத்தைச் சுத்தம் செய்யும் டானிக்குகளின் வாயை அடைத்தது, அழகுசாதனங்களை அந்தச் சட்டம் தொடவில்லை, அவை 1938இல்தான் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. வாசனைத் தண்ணீர் மருந்து என்று உரிமை கொண்டாடாமல் வாசனை என்று மட்டும் விற்கப்பட்டதால் தப்பியது. 1920இல் மதுவிலக்கு வந்தபோது குடிக்க முடியாதபடி கசப்பும் வேதிப்பொருளும் கலந்த சாராயம் வாசனைத் தொழிலின் வழக்கமாகிவிட்டது. இதை விழுங்குவது ஆபத்து. சடங்கில் வாயில் வைத்து ஊதுவதும் அப்படியே, பாட்டிலிலேயே வெளிப்பூச்சுக்கு மட்டும் என்று போட்டிருக்கும்.

பிற்பாடு பார்க்லே என்ற கம்பெனியோடு இணைந்ததில் பெயர் லான்மன் அண்ட் கெம்ப் பார்க்லே என்று நீண்டது, அலுவலகம் நியூயார்க்கை விட்டு நியூ ஜெர்சியின் வெஸ்ட்வுட்டுக்குப் போனது.

பழைய பாட்டில் யாருக்காவது கையில் கிடைத்தால் எந்தக் காலத்தது என்று ஓரளவு நீங்களே பார்த்துவிடலாம். நீண்ட கழுத்து, உருளை உடம்பு, வெளிர் நீலப்பச்சைக் கண்ணாடி. உடம்பில் மேலிருந்து கீழாகப் புடைப்பெழுத்தில் புளோரிடா வாட்டர், மர்ரே அண்ட் லான்மன், மருந்து வியாபாரிகள், நியூயார்க் என்று நான்கு வரி. அடியில் செய்யும்போது பாட்டிலைப் பிடித்திருந்த கம்பியை ஒடித்த கரடுமுரடான தழும்பு இருந்தால் பெரும்பாலும் உள்நாட்டுப் போருக்கு முந்தையது. பக்கவாட்டு அச்சுக்கோடு கழுத்தோடு மறைந்து, வாய்விளிம்பு தனியாக உருட்டித் தேய்த்த மாதிரி இருந்தால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதி அல்லது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம். கோடு விளிம்பு வரை ஏறியிருந்தால் இயந்திரத்தில் வார்த்தது, 1903க்குப் பிறகுதான் அந்த இயந்திரம் வந்தது. கலிஃபோர்னியாவின் தங்கச் சுரங்க ஊர்களிலும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஹவாயிலும் அகழாய்வுக் குழிகளில் இந்தப் பாட்டில் கிடைக்கிறது. அது எந்த அடுக்கில் வந்தது என்பதை வைத்துக் குழியின் காலத்தைக் கணக்கிட ஆய்வாளர்கள் பயன்படுத்துவது இந்த அடையாளங்களைத்தான்.